நின்ற இன்ஜின், மூடிய கோப்பு

2005 மார்ச் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு கோப்பை மூடினார்கள். அந்நிறுவனம் சில மாதங்களுக்கு முன்புதான் சந்தைக்குக் கொண்டுவந்திருந்த செவர்லே கோபால்ட் என்ற சிறிய கார், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகிவிடுகிறது என்பது புகார். ஓட்டுபவரின் முழங்கால் சாவிக்கொத்தில் இடித்தால் போதும், சாவி தானாகத் திரும்பி இன்ஜின் நின்றுவிடும். காரை அறிமுகப்படுத்தும் நாட்களிலேயே நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் ஓட்டிப்பார்த்து இதை உறுதிசெய்திருந்தார். சரிசெய்யச் சில வழிகளும் எழுதிவைக்கப்பட்டன. கடைசியில் கோப்பில் ஏறிய காரணங்கள் இவை: செய்து முடிக்க நாளாகும், செலவு அதிகம், எந்த வழியும் வியாபாரக் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், சாவி திரும்பும் அந்த இக்னிஷன் சுவிட்சுக்காகச் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியை நிர்வகித்த கென்னத் ஃபைன்பெர்க் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அமெரிக்க அரசின் குற்ற வழக்கை ஒத்திவைக்கச் செய்ய 2015இல் நிறுவனம் கட்டிய தொகை 90 கோடி டாலர்.

இந்த விவகாரம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் இரண்டு கதைகள்தான். காசுக்கு ஆசைப்பட்டு உயிர்களைப் பலிகொடுத்த நிறுவனம் என்பது ஒன்று. தன் தவறை மறைத்த ஒரு பொறியாளர் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் நின்றுபோவது ஆபத்தா, வெறும் தொல்லையா? 2005இல் அதைத் தொல்லை என்று தீர்மானித்தார்கள். ‘வாடிக்கையாளர் வசதி’ சம்பந்தப்பட்ட விஷயம் என்று வகைபிரித்தார்கள். பின்னால் வந்த எல்லாம் அந்த வகைபிரிப்பிலிருந்துதான் வந்தன. எடைபோட வேண்டியது சுவிட்சை அல்ல, அந்தத் தீர்மானத்தை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் சுவிட்சுக்குள் ஒரு சின்ன உலோக முளையும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் சுருள்வில்லும் உண்டு. சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரு நிலையில் உட்காருகிறதே, அது இந்த முளை பள்ளத்தில் விழும் சத்தம். ஓடும் நிலையிலிருந்து ‘ஆக்சசரி’ நிலைக்குச் சாவி நகர 20 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசை தேவைப்பட வேண்டும், ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் தானே வகுத்த அளவு. டெல்ஃபை நிறுவனம் செய்துகொடுத்த சுவிட்ச் சோதனையில் அந்தக் குறைந்தபட்ச 15ஐ எட்டவே இல்லை. வெகு கீழே நின்றது. 2002இல் அதை அப்படியே ஏற்றுக் கையெழுத்திட்டார் ஒரு வடிவமைப்புப் பொறியாளர். 2003ஆம் ஆண்டு மாடல் சாட்டர்ன் அயான், பிறகு கோபால்ட், பிறகு அதே அடித்தளத்தில் வந்த வேறு சில கார்கள் என்று சுவிட்ச் பரவியது. சாவித் துவாரம் ஸ்டியரிங் தண்டில் தாழ்வாக இருந்ததும், சாவியின் தலையில் வட்டத் துளைக்குப் பதில் நீளமான பிளவு இருந்ததால் கொத்தின் கனம் ஒரு பக்கம் இழுத்ததும் நிலைமையை இன்னும் மோசமாக்கின.

சாவி ஆக்சசரிக்கு நழுவினால் என்னென்ன போகும்? இன்ஜின் நிற்கும். கோபால்ட்டில் பவர் ஸ்டியரிங் மின்சாரத்தால் இயங்குவது, அதுவும் போகும். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டொரு மிதிக்குத் தாங்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. ஏர்பேக்கை விரிக்க உத்தரவிடும் கருவியும் அடங்கிவிடும். நிறுத்திவைத்த காரில் ஏர்பேக் தவறுதலாக வெடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருந்தார்கள்.

இப்போது நிறுவனத்தின் தரப்பு. அதைக் கேலி செய்து ஒதுக்குவது சுலபம், ஆனால் நியாயமல்ல. 2005 ஜூன் மாதம் கிளீவ்லாந்தின் பிளெயின் டீலர், நியூயார்க் டைம்ஸ் இரண்டிலுமே கோபால்ட் ஆஃப் ஆவது பற்றி எழுதினார்கள். அப்போது நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: அரிதாகச் சில காரணங்கள் ஒன்றுசேரும்போதுதான் இப்படி நடக்கிறது, நடந்தாலும் கார் கட்டுப்பாட்டில்தான் இருக்கும், நியூட்ரலுக்கு மாற்றி மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம்.

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஸ்டியரிங் பூட்டிக்கொள்வதில்லை, கனமாகத்தான் ஆகிறது. முதல் மிதிக்குப் பிரேக் வேலை செய்கிறது. அனுபவமுள்ள ஓட்டுநர் காலி மைதானத்தில் இதைப் பத்து தடவை செய்துபார்த்தால் பத்து தடவையும் பத்திரமாக ஓரங்கட்டிவிடுவார். அதோடு இன்னொரு வாதமும் உண்டு, இதைவிடக் கனமானது. உலகில் ஆஃப் ஆகாத கார் ஏது? பெட்ரோல் தீர்ந்தால் நிற்கும், பம்ப் போனால் நிற்கும், வயர் தளர்ந்தால் நிற்கும். நிற்கிற வண்டியையெல்லாம் பாதுகாப்புக் குறை என்று அறிவித்துத் திரும்ப அழைத்தால், உண்மையான ஆபத்துகளைப் பிரித்தறிய முடியாமல் அந்த ஏற்பாடே மூழ்கிப்போகும்.

இந்த வாதத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1983 முதல் 1995 வரை வந்த ஃபோர்டு கார்களில் இன்ஜினின் பொறியைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்னணுத் தகட்டை டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியிருந்தார்கள். டிஎஃப்ஐ மாட்யூல் என்பது அதன் பெயர். இன்ஜின் சூடு ஏற ஏறத் தகடு செயலிழக்கும், கார் ஓட்டத்திலேயே நிற்கும். கொஞ்ச நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டும்போது வண்டி சமர்த்தாக ஓடும். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளில் இருந்த இந்தத் தகட்டைப் பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ பலமுறை விசாரித்தும் திரும்ப அழைக்க உத்தரவிடவில்லை. கார்கள் பல காரணங்களால் நிற்கும், இதனால் ஆபத்து கூடியதாக நிரூபணமில்லை என்பதே ஃபோர்டின் பதில். 2000இல் கலிஃபோர்னியாவின் அலமேடா மாவட்ட நீதிபதி மைக்கேல் பல்லாச்சி, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தகவல்களை ஃபோர்டு அரசிடமிருந்து மறைத்தது என்று தீர்ப்பளித்து, அந்த மாநிலத்துக் கார்களைத் திரும்ப அழைக்கும்படி சொன்னார். அமெரிக்காவில் ஒரு நீதிபதி காரைத் திரும்ப அழைக்கச் சொன்னது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது. தகட்டுக்கான உத்தரவாதத்தை நீட்டவும், ஏற்கெனவே மாற்றியவர்களுக்குப் பணம் தரவும் ஃபோர்டு இசைந்தது, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்.

ஆக, 2005இல் டெட்ராய்ட்டில் அந்தக் கோப்பை மூடியவர்கள் தனியாக ஏதும் கிறுக்குத்தனம் செய்துவிடவில்லை. இருபது ஆண்டுகளாகத் தொழிலில் புழங்கிய, அரசு அமைப்பே பலமுறை விட்டுக்கொடுத்த ஒரு நிலைப்பாட்டைத்தான் எடுத்தார்கள். இதை ஒத்துக்கொண்ட பிறகுதான் அந்த நிலைப்பாட்டை உரசிப்பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

‘கார் கட்டுப்பாட்டில்தான் இருக்கும்’ என்ற வாக்கியத்தில் யாருடைய கட்டுப்பாட்டில் என்ற கேள்வி விடுபட்டிருக்கிறது. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் சோதனை ஓட்டுநருக்கும், வானொலி கேட்டுக்கொண்டு போகிறவருக்கும் உள்ள தூரம் சாதாரணமல்ல. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்குச் சுமார் 28 மீட்டர் போகிறது. எதுவோ போய்விட்டது என்று உணர ஒரு வினாடி, எது போனது என்று புரிய இரண்டு வினாடி, நியூட்ரலுக்குத் தள்ளிச் சாவியைத் திருப்ப இன்னும் இரண்டு. வளைவில்லாத சாலையில், பின்னால் லாரி வராத நேரத்தில், அந்த நூறு நூற்றைம்பது மீட்டர் ஒன்றும் செய்யாது. வளைவின் நடுவில் திடீரென்று கனக்கும் ஸ்டியரிங் அப்படியல்ல. கனக்கிறது என்பதால் வழக்கத்தைவிட அதிகமாக இழுப்போம். இழுத்த வேகத்தில் சாலையை விட்டு இறங்குவோம், அல்லது எதிர்ப் பாதைக்குப் போவோம். கார் ‘கட்டுப்படக்கூடியது’ என்பது பொறியியல் உண்மை. கட்டுப்படுத்தப்படும் என்பது மனிதரைப் பற்றிய ஊகம். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விற்றார்கள்.

பெட்ரோல் தீர்ந்து நிற்பதோடு இதை ஒப்பிடுவதும் செல்லாது. பெட்ரோலுக்கு முள் இருக்கிறது, எச்சரிக்கை விளக்கு இருக்கிறது, இன்ஜின் விக்கித் திணறி முன்னறிவிப்புக் கொடுக்கிறது. கோபால்ட்டில் எந்த அறிகுறியும் கிடையாது. எச்சரிக்கையின்றி, வேகத்தில், மாற்றக்கூடிய ஒரே உதிரிபாகத்தால், திரும்பத் திரும்ப நேர்வதை மற்ற எல்லா நிறுத்தங்களோடும் ஒரே கணக்கில் சேர்ப்பது புள்ளிவிவரத்தைக் கொண்டு கண்ணை மறைக்கிற வேலை. ஏற்பாடு மூழ்கிப்போகும் என்ற பயத்துக்கும் இதுவே பதில். இந்த வரம்புக்குள் வருபவை சிலவே.

‘இன்று உட்கார்ந்துகொண்டு அன்றைய முடிவைக் குறைசொல்வது எளிது’ என்று கேட்கலாம். சட்டம் அப்போதே தெளிவாகத்தான் இருந்தது. 1959, 1960ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் ஸ்டியரிங்கோடு இணைந்த பிட்மேன் ஆர்ம் என்ற பாகம் உடைந்தது தொடர்பான வழக்கு 1977இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ந்தது. உடைவது பெரும்பாலும் வண்டியை நிறுத்தத் திருப்பும்போது, மெல்லப் போகும்போதுதான், ஆகவே பெரிய ஆபத்தில்லை என்று நிறுவனம் வாதாடியது. ஓட்டுநரின் கையைவிட்டு வண்டி போகிறது என்றால் அது ஆபத்து என்பது பொதுப் புத்திக்கே தெரியும், பிணங்களை எண்ணிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை என்ற போக்கில் நீதிமன்றம் அதைத் தள்ளியது. வாதாடித் தோற்ற நிறுவனம் எது என்று சொல்ல வேண்டுமா? ஜெனரல் மோட்டார்ஸ்தான்.

அதைவிட வலுவான சாட்சி அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சுற்றறிக்கை போனது. சாவிக்கொத்தில் கனமான பொருள்களை மாட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள், புகார் சொல்லி வருபவருக்குச் சாவியின் பிளவை அடைக்கும் சின்னச் செருகு ஒன்றைக் கொடுங்கள் என்பது செய்தி. சில நூறு பேர்தான் அதைப் பெற்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஓடும்போது இன்ஜின் நிற்பதைக் குறிக்கத் தொழிலில் எல்லோரும் வழங்கும் ‘ஸ்டால்’ என்ற சொல்லே சுற்றறிக்கையில் இல்லை. அந்தச் சொல்லைக் கண்டால் அரசு அமைப்பு மூக்கை நுழைக்கும் என்பதால் தவிர்த்தார்கள் என்று பின்னால் வந்த விசாரணை அறிக்கை பதிவுசெய்கிறது. இன்ஜின் நிற்பது வெறும் தொல்லைதான் என்று மனதார நம்பியவர்கள் அந்தச் சொல்லுக்கு ஏன் பயப்பட வேண்டும்? தொல்லை என்ற தீர்மானத்தை அவர்களே முழுதாக நம்பவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என் கண்ணில் படவில்லை. விளைவு வேறு: வண்டி ஓட்டத்தில் நிற்கிறது என்று வாடிக்கையாளர் வந்து சொல்லி, டீலர் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் இந்தச் சுற்றறிக்கை கிடைக்காது.

சரி, காசு. 2014 ஏப்ரலில் நாடாளுமன்ற விசாரணையில் டயானா டிகெட் என்ற உறுப்பினர் சுவிட்சை உயர்த்திக் காட்டி, இதைச் சரிசெய்ய 57 சென்ட் ஆகியிருக்கும் என்றார். மறுநாள் உலகமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. ஒரு காபிகூட வாங்க முடியாத காசுக்கு உயிர்கள் என்று தலையங்கங்கள் எழுதினார்கள். எனக்கு அந்த 57 சென்ட் பெரிய வெளிச்சமாகப் படவில்லை. கார் செய்பவர் ஒவ்வொரு பாகத்திலும் பைசா பார்க்கத்தான் செய்வார். பார்க்காவிட்டால் கார் விலை நமக்குக் கட்டாது. 2005ஆம் ஆண்டு உள்மின்னஞ்சலில் இருக்கும் கணக்கு இன்னும் சுவாரசியமானது. புதிய சுவிட்சுக்குக் கூடுதலாக 90 சென்ட் ஆகும், உத்தரவாதச் செலவில் மிச்சமாவது 10 முதல் 15 சென்ட்தான் என்று எழுதியிருக்கிறார்கள். இடது பக்கத்தில் செலவு, வலது பக்கத்தில் உத்தரவாதக் காலத்தில் இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் தொகை. உயிர் என்ற பத்தியே தாளில் கிடையாது. அதை நீக்கியது பேராசை அல்ல. வசதிக் குறை என்று வகைபிரித்த உடனேயே அந்தப் பத்திக்கு வேலையில்லாமல் போய்விட்டது. பாதுகாப்புக் குறை என்றிருந்தால் சட்டப்படி செலவைப் பற்றிப் பேசவே இடமில்லை. காசு இங்கே காரணம் இல்லை, அறிகுறி.

அடுத்து அந்தப் பொறியாளர். அளவுக்குக் குறைந்த சுவிட்சை ஏற்றது ஒரு தவறு. 2006இல் அவர் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. முளையை நீளமாக்கி, வில்லை வலுவாக்கிய புதிய சுவிட்சுக்கு அனுமதி கொடுத்தார், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. எந்த உதிரிபாகத் தொழிலிலும் இது அடிப்படை ஒழுங்கு. உள்ளே மாறினால் மேலே எண் மாற வேண்டும். எண் மாறாததால் 2008 மாடல் கார்களில் விபத்து ஏன் குறைந்தது என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். முடிச்சை அவிழ்த்தது நிறுவனம் அல்ல. ஜார்ஜியா மாநிலத்தில் மகளை இழந்த பெற்றோரின் வழக்கறிஞர் அமர்த்திய ஒரு வெளிப் பொறியாளர், மாற்றுச் சுவிட்ச் ஒன்றை வாங்கி, விபத்துக் காரில் இருந்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முளையின் உயரம் வேறாக இருந்தது. கோடிக்கணக்கில் ஆய்வுச் செலவு செய்யும் நிறுவனத்துக்கு எட்டாதது அவ்வளவு எளிய வேலைக்கு எட்டியது.

ஆனாலும் இந்த மனிதரை மூலக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் மறைத்தது தீர்வை. பிரச்சினை 2005இலேயே பத்துப் பதினைந்து மேசைகளில் விரித்துக் கிடந்தது, நாளிதழிலும் வந்துவிட்டது. அவர் எண்ணை ஒழுங்காக மாற்றியிருந்தாலும், பழைய சுவிட்சோடு ஏற்கெனவே சாலையில் ஓடிய லட்சக்கணக்கான கார்களை நிறுவனம் திரும்ப அழைத்திருக்குமா? வசதிக் குறைக்கு யாரும் கார்களைத் திரும்ப அழைப்பதில்லை.

2014 ஜூனில் வெளியான ஆன்டன் வலுகாஸின் அறிக்கையையும் இங்கே நிறுத்துப் பார்க்க வேண்டும். முன்னூறு பக்கங்களுக்கு மேல். நிறுவனமே நியமித்த வழக்கறிஞர் என்றாலும் நிறுவனத்தைத் தடவிக்கொடுக்கவில்லை. கூட்டங்களில் எல்லோரும் ஒரு திட்டத்துக்குத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் யாரும் எதுவும் செய்யாமல் போகும் பழக்கத்துக்கு உள்ளே ஒரு செல்லப்பெயரே இருந்தது என்பதுவரை எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தலைமைக்கு வந்த மேரி பாரா, திறமையின்மையும் அலட்சியமும் என்று அதை ஏற்றுக்கொண்டு 15 பேரை வெளியேற்றினார். வசதிக் குறை என்ற வகைபிரிப்பையும் அறிக்கை சுட்டத்தான் செய்கிறது. என் குறை வேறு. அறிக்கை முழுவதும் அழுத்தம் விழுவது ஏர்பேக் மேல். சாவி ஆக்சசரிக்குப் போனால் ஏர்பேக் விரியாது என்பது அந்தப் பொறியாளர்களுக்கே தெரிந்திருக்கவில்லை, தங்கள் காரைத் தாங்களே அறியாமல் இருந்தார்கள், அதனால்தான் ஆபத்தை உணரவில்லை என்பது அதன் மைய விளக்கம். இதைப் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? ஏர்பேக் விஷயம் மட்டும் இல்லாவிட்டால் 2005 தீர்மானம் ஏதோ புரிந்துகொள்ளக்கூடியதுதான் என்று. அந்த இடத்தில் அறிக்கையோடு நான் முரண்படுகிறேன். ஏர்பேக்கே இல்லாத காராக இருந்தாலும் அந்தத் தீர்மானம் தவறுதான்.

இதற்கு நிறுவனமே 2010இல் சாட்சி சொல்லியிருக்கிறது. அந்த மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 13 லட்சம் கார்களைப் பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைத்தது. என்ன குறை? பவர் ஸ்டியரிங் திடீரென்று போய்விடுகிறது. எந்தக் கார்? கோபால்ட்டும் அதன் உடன்பிறப்புகளும்! பவர் ஸ்டியரிங் மட்டும் போனால் பாதுகாப்புக் குறை. பவர் ஸ்டியரிங்கோடு இன்ஜினும், பிரேக் உதவியும், ஏர்பேக்கும் சேர்ந்து போனால் வசதிக் குறை. ஒரே காரைப் பற்றி ஒரே நிறுவனம் இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் நம்பியிருக்கிறது. 2005ஐப் பற்றி அதற்கு மேல் வாதாட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அதே மார்ச்சில்தான் ஜார்ஜியாவில் அந்த இளம்பெண் இறந்தார், தன் 29ஆம் பிறந்தநாளன்று. சில நாட்கள் முன்புதான் கார் ஓட்டத்தில் ஆஃப் ஆகிறது என்று டீலரிடம் விட்டிருந்தார்; எரிபொருள் பாதையைச் சுத்தம்செய்து திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல் இல்லாத சுற்றறிக்கையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஈரச் சாலையில் கார் எதிர்ப் பாதைக்கு நழுவி, பக்கவாட்டில் மோதப்பட்டது. விபத்துக்குச் சில வினாடிகள் முன் சாவி ஆக்சசரிக்குப் போய்விட்டதைக் காரின் பதிவுக் கருவி காட்டியது. 2014இல் நிறுவனம் இந்தச் சுவிட்சால் 13 மரணங்கள் என்று முதலில் கணக்குச் சொன்னபோது இந்த மரணம் அதில் இல்லை. முன்பக்க மோதலில் ஏர்பேக் விரியாமல் போனவற்றை மட்டும் எண்ணினார்கள். இது பக்கவாட்டு மோதல். உண்மையை வெளியே கொண்டுவந்த மரணமே கணக்கில் வரவில்லை! இன்ஜின் நின்றதால் கார் தடம் மாறியது என்பது 2014இலும் எண்ணத்தக்க காரணமாக அவர்களுக்குப் படவில்லை.

ஃபைன்பெர்க் அந்தக் குறுகிய வரம்பை ஏற்கவில்லை. பக்கவாட்டு மோதல், எதிர்க் காரில் இருந்தவர், சாலையில் நடந்தவர் என்று எல்லோரையும் பார்த்தார். 13 என்பது 124 ஆனது. வழக்கு மன்றத்தைவிடத் தளர்வான நிரூபண அளவைத்தான் அவர் கையாண்டார், ஆகவே இடைவெளி முழுவதையும் இந்த ஒரு காரணத்தில் ஏற்றுவது சரியாகாது. கணிசமான பங்கு இதற்குரியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அரசு அமைப்பின் பங்கும் சின்னதல்ல. 2006இல் விஸ்கான்சினில் இரண்டு பதின்வயதுப் பெண்கள் இறந்த விபத்தை ஆராய்ந்த மாநிலக் காவலர் ஒருவர், சாவி ஆக்சசரியில் இருந்தது, ஏர்பேக் விரியவில்லை, 2005 சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது என்று மூன்றையும் ஒரே அறிக்கையில் கோத்து 2007இல் எழுதினார். ஆய்வகம் எதுவும் இல்லாமல் அவர் கண்டதை, அவரது அறிக்கையைக் கோப்பில் வைத்திருந்த நிறுவனம் ஆண்டுக்கணக்கில் காணவில்லை. அதே ஆண்டு என்எச்டிஎஸ்ஏவில் ஒரு பிரிவுத் தலைவர் ஏர்பேக் விரியாத கோபால்ட், அயான் கார்களை முறையாக விசாரிக்கலாம் என்று முன்மொழிந்தார். எண்ணிக்கையில் தெளிவான போக்கு தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஃபோர்டு காலத்தில் செய்ததையே மறுபடி செய்தார்கள்.

என் தீர்ப்பு இது. முதல் பொறுப்பு, ஓடும் காரில் இன்ஜின் நிற்பதை வசதிக் குறையாக வகைபிரித்த 2004, 2005ஆம் ஆண்டுக் குழுக்களுடையது. அது தனி மனிதரின் தவறல்ல, ஆனால் தவிர்த்திருக்க முடியாத தவறும் அல்ல, சட்டமும் பொதுப் புத்தியும் எதிர்த்திசையில் கை காட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது, எண்ணை மாற்றாமல் பாகத்தை மாற்றியது. அது பிரச்சினையை உண்டாக்கவில்லை, ஏழெட்டு ஆண்டு நீட்டியது. மூன்றாவது, பிணக் கணக்கு கூடட்டும் என்று காத்திருந்த அரசு அமைப்பு. கனமான சாவிக்கொத்து மாட்டிய ஓட்டுநருக்கு இதில் பங்கே இல்லை. சாவி வளையத்தில் வீட்டுச் சாவியை மாட்டக் கூடாது என்று கார் வாங்குகிறவர் எதிர்பார்க்க வேண்டியதில்லை. 2015 வழக்கில் நிறுவனம் ஒப்புக்கொண்டது 2012க்குப் பிந்தைய மறைப்பை மட்டுமே. தனிநபர் எவர் மீதும் வழக்கில்லை. சட்டப்படி அது சாத்தியமான வழக்காக இருக்கலாம். தவறு நடந்த இடம் அதற்கும் ஏழாண்டு முன்னால்.

தொழில் பாடம் கற்றதா என்றால், ஓரளவு கற்றது. 2020இல் டொயோட்டா தொடங்கிப் பல நிறுவனங்கள் டென்சோ செய்த எரிபொருள் பம்புக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. பம்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் எரிபொருளை உறிஞ்சி உப்பி, உரசி நின்றுவிடுகிறது. வேகத்தில் ஓடும்போது இன்ஜின் நின்றால் விபத்து அபாயம் கூடும் என்று அறிவிப்பிலேயே எழுதினார்கள். ஏர்பேக்கைத் துணைக்கு அழைக்கவில்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மறுத்துக்கொண்டே இருந்த வாக்கியம் இப்போது சாதாரண அச்சில் வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் மாருதி சுசூகி நம் ஊரில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை எரிபொருள் பம்ப் பழுதுக்காகத் தானாகவே திரும்ப அழைத்தது.

தானாக அழைக்காவிட்டால்? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021இல் வந்த விதிகள் அதற்கான வாசலை, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில், விற்பனை அளவுக்கேற்ப இத்தனை புகார்கள் வர வேண்டும் என்ற எண்ணிக்கையோடு கட்டியிருக்கின்றன. சீட் துணி கிழிவதற்கு அது பொருந்தலாம். திண்டிவனம் தாண்டி ஆஃப் ஆகி, ஓரங்கட்டியதும் ஸ்டார்ட் ஆகி, சர்வீஸ் சென்டரில் ‘பழுது எதுவும் தென்படவில்லை’ என்று எழுதி அனுப்பப்படும் கார் அந்த எண்ணிக்கையில் ஏறுவது கடினம். ஏறும்வரை காத்திருப்பது என்எச்டிஎஸ்ஏ 2007இல் செய்த காரியம்தான். நம் விதி அதைப் பலவீனம் என்று அறியாமலே நடைமுறையாக எழுதிவைத்திருக்கிறது.